முப்பதாம் நாள் ஊமையாகும் பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

கைத்தொலைபேசியில் பாட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் எட்டாத இடத்திலும் கேட்கலாம் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இம்முறை வேறு எந்தக் கேள்விக்கும் இடம் வைக்கவில்லை. ஒரே விடயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்தும், நீண்ட கடிதங்களைச் சுருக்கியும் தந்திருக்கிறேன்.

ஐயா, முத்தையன்கட்டுப் பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது. கதிர் முற்றும் காலத்தில் யானைக் காவலுக்காகக் கொட்டிலில் படுப்போம். அங்கே சிக்னல் இல்லை. மகன், தான் மாதச் சந்தா கட்டும் ஒரு செயலியில் 400 பாடல்களை என் போனில் இறக்கித் தந்தான். ஒரு மாதம் குறையில்லாமல் பாடியது. பிறகு ஓர் இரவு எல்லாப் பாட்டும் சாம்பல் நிறமாகி, தொட்டாலும் அசையவில்லை. காசு கட்டி இறக்கிய பாட்டை எப்படித் திருப்பி எடுக்கலாம்? – ஒரு விவசாயி, ஒட்டுசுட்டான்

உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால், நீங்கள் கட்டிய காசு பாட்டுக்கான விலை அல்ல, கேட்பதற்கான வாடகை என்பதிலிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஸ்பொட்டிஃபை, யூரியூப் மியூசிக், அப்பிள் மியூசிக் போன்ற சேவைகளில் 'தரவிறக்கம்' என்ற பொத்தானை அழுத்தும்போது பாட்டு உண்மையாகவே உங்கள் போனுக்குள் வந்து இடம்பிடிக்கிறது. ஆனால் அது பூட்டிய பெட்டியாகவே வருகிறது, அந்தப் பூட்டின் திறப்பு செயலியின் கையில் இருக்கிறது, திறப்புக்கோ ஒரு தவணை இருக்கிறது. நூலகத்தில் இரவல் எடுத்த புத்தகத்தைத் தவணைத் திகதியில் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிப்பதைப் போல, செயலியும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இணையத்துக்குச் சென்று தன் நிறுவனத்திடம் முகம் காட்ட வேண்டும். ஸ்பொட்டிஃபை, யூரியூப் மியூசிக் ஆகிய இரண்டிலும் அந்தத் தவணை 30 நாட்கள். நீங்கள் ஒரு மாதம் காட்டோரம் இருந்துவிட்டீர்கள், தவணை தவறியது, திறப்பு செல்லுபடியாகாமல் போயிற்று. பாட்டுகள் அனேகமாக இன்னும் உங்கள் போனுக்குள்ளேயே கிடக்கின்றன.

இந்தத் தவணை எதற்கென்றால், காரணங்கள் இரண்டு. சந்தா இன்னும் கட்டப்படுகிறதா என்று பார்ப்பது முதலாவது. இரண்டாவதைப் பலர் அறிவதில்லை. இணையம் இல்லாத நேரத்தில் எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டீர்கள் என்ற கணக்கைச் செயலி எழுதி வைத்துக்கொள்கிறது, இணையம் கிடைத்ததும் அதை ஒப்படைக்கிறது, அந்தக் கணக்கைக் கொண்டே பாட்டின் உரிமையாளருக்குச் சேரவேண்டிய பங்கு போகிறது. ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடிகள் கேட்டால்தான் அது ஒரு தடவையாகக் கணக்கில் ஏறும். முத்தையன்கட்டுக் கொட்டிலில் நடுச்சாமத்தில் நீங்கள் கேட்ட பாட்டும் இப்படித்தான் யாரோ ஓர் இசையமைப்பாளரின் வரவில் சேர்கிறது என்பதை நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது. பூட்டு பிடிக்கவில்லை, கணக்கு நியாயமானது.

செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. பசளை வாங்கவோ வங்கிக்கோ ஒட்டுசுட்டான் சந்திக்கு அல்லது முள்ளியவளைக்கு வரும் நாளில், டேட்டாவைப் போட்டு, அந்தச் செயலியைத் திறந்து, 'ஓஃப்லைன்' நிலையில் வைத்திருந்தால் அதை நீக்கி, ஒரு பாட்டைப் பாடவிட்டு, தேநீர் குடித்து முடிக்கும்வரை அப்படியே விடுங்கள். போனில் டேட்டா இருந்தது, வட்ஸ்அப் வேலை செய்தது என்பதெல்லாம் போதாது. அந்தச் செயலியையே திறக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை இப்படிச் செய்துகொண்டால் தவணை தவறவே தவறாது. இறக்கியவை அழியாதிருந்தால் இணையம் பட்டதும் தாமாகவே உயிர்பெறும். மறுபடி 400 பாட்டையும் இறக்க வேண்டிய தேவை வராது. மகனின் அட்டையில் அந்த மாதச் சந்தா வெட்டுப்பட்டதா என்பதையும் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் சந்தா நின்றாலும் இதே சாம்பல் நிறம்தான் வரும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. காவல் கொட்டிலில் காதுக்கருவியை இரண்டு காதிலும் செருகிக்கொண்டு படுக்காதீர்கள். ஒரு காது பாட்டுக்கு, மற்றது யானைக்கு.

நான் ஓட்டோ ஓட்டுகிறேன். பிரீமியம் எடுத்து இறக்கிய பாட்டுகளைப் பென்ட்ரைவில் போட்டு ஓட்டோ செற்றில் கேட்கலாம் என்று நினைத்தேன். போனின் கோப்புகளுக்குள் தேடினால் பாட்டின் பெயரில் ஒன்றுமே இல்லை. எங்கே ஒளிந்திருக்கின்றன? – கிளிநொச்சி வாசகர்

ஒளிந்திருக்கவில்லை தம்பி, உருமாறி இருக்கின்றன. செயலிக்கு ஒதுக்கப்பட்ட கோப்புறைக்குள், எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களோடு, மறைகுறியாக்கம் செய்யப்பட்ட துண்டுகளாக அவை கிடக்கும். அவற்றைப் பென்ட்ரைவில் ஏற்றி ஓட்டோ செற்றில் செருகினால், செற்றுக்கு அது பாட்டென்றே தெரியாது. முதற் கடிதத்துக்கு எழுதிய பதிலில் சொன்ன பூட்டு இதுதான்.

செற்றில் புளூடூத் இருந்தால் போனை அதனோடு இணைத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால், கடையில் 'ஓக்ஸ் வயர்' என்று கேட்டால் தருவார்கள். ஒரு முனையைப் போனின் காதுக்கருவித் துளையிலும் மறுமுனையைச் செற்றிலும் செருகினால் போதும். துளையில்லாத புதுப் போன்களுக்கு, சார்ஜ் ஏற்றும் இடத்தில் செருகும் சிறு இணைப்பி வேண்டும். பென்ட்ரைவில்தான் கேட்பேன் என்றால் பாட்டை வாடகைக்கு எடுக்காமல் விலைக்கு வாங்க வேண்டும். அப்பிளின் ஐரியூன்ஸ் கடையில் விற்கும் பாட்டுகளிலிருந்து 2009ஆம் ஆண்டிலேயே பூட்டை நீக்கிவிட்டார்கள். பாண்ட்காம்ப் என்ற தளத்தில் இசைஞர்கள் தாங்களே விற்கிறார்கள், வாங்கினால் எம்.பி.3 ஆகவோ, தரம் குறையாத ஃபிளாக் ஆகவோ இறக்கி எத்தனை பென்ட்ரைவில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நம்முடைய பழைய சினிமாப் பாட்டுகளை அங்கே தேடி ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் தனித்தியங்கும் இசைஞர்களின் சந்தை.

பயணிகள் ஏறும் வண்டியில் போடலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இச்சேவைகளின் நிபந்தனைகள் தனிப்பட்ட பாவனைக்கு மட்டுமே இடம் தருகின்றன. மாங்குளத்திலிருந்து இதையே கேட்ட தேநீர்க்கடைக்காரருக்கும் பதில் இதுதான்: கடையில் வாடிக்கையாளருக்காக ஒலிபரப்புவது அந்தச் சந்தாவுக்குள் அடங்காது.

யூரியூப் இணைப்பைப் போட்டால் எம்.பி.3 ஆக மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன. பிரீமியம் வசதிகளை இலவசமாகத் திறந்துவிட்ட 'மொட்' செயலிகளும் வட்ஸ்அப் குழுக்களில் வருகின்றன. எல்லாரும் பாவிக்கிறார்கள். நான் மட்டும் ஏன் காசு கட்ட வேண்டும்? – ஒரு மாணவர், வவுனியா

எல்லாரும் பாவிக்கிறார்கள் என்பது உண்மை. மெமரி காட்டைக் கொடுத்தால் கொமினிக்கேசன் கடையில் பாட்டு ஏற்றித் தந்த காலத்தில் நானும் வரிசையில் நின்றவன்தான் என்பதால், மேடையேறி நின்று பேசப் போவதில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சட்டப்படி, இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டையும் அதன் ஒலிப்பதிவையும் பாதுகாக்கிறது. படைப்பாளியின் உரிமை அவருடைய வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. சேவையின் நிபந்தனைகளையும் இத்தளங்கள் மீறுகின்றன. இதை நீங்கள் முன்பே அறிந்திருப்பீர்கள், ஆகவே அறியாத ஒன்றுக்கு வருகிறேன். அந்தத் தளங்கள் ஒலித்தரத்தைக் காட்ட '320' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் பொய்யான பெருமை. யூரியூப்பில் இருக்கும் ஒலி ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை எடுத்து 320 கிலோபிற் எம்.பி.3 ஆக மறுபடி சுருக்கினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பி வராது. ஒரு தடவை பிழிந்த தேங்காய்ப்பூவில் பெரிய சட்டி நிறையத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் வருவது முதற்பால் ஆகாது. நாதஸ்வரத்தின் மேற்சுரங்களையும் தாளத்தின் ஒலியையும் நல்ல காதுக்கருவியில் கேட்டுப் பாருங்கள். சலங்கை மணலில் விழுந்ததுபோல் ஒரு மங்கல் தெரியும்.

'மொட்' செயலிதான் உண்மையில் பயப்பட வேண்டியது. அதை நிறுவ, தெரியாத இடத்திலிருந்து வரும் செயலிகளுக்கு அனுமதி கொடுக்கிறீர்கள். பிறகு உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை, யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு நிரலுக்குள் உங்கள் கையாலேயே தட்டுகிறீர்கள். அதே போனில்தான் உங்கள் அப்பா வங்கிச் செயலியையும் வைத்திருக்கிறார் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். மாதச் சந்தா பெரிதா, அது பெரிதா என்று வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து எடுக்கும் குடும்பத் திட்டமும் உண்டு. ஸ்பொட்டிஃபையில் அதில் 6 பேர் வரை, ஒவ்வொருவரும் தனிக் கணக்கோடு சேரலாம்.

டேட்டா எவ்வளவு போகும்? – ஓர் ஆசிரியை, துணுக்காய்

கணக்குப் பாடம் எடுப்பவராக இருந்தால் வகுப்பிலேயே செய்விக்கலாம். ஸ்பொட்டிஃபையில் சாதாரண தரம் விநாடிக்கு 96 கிலோபிற், உயர்தரம் 160, மிக உயர்தரம் 320. ஐந்து நிமிடப் பாட்டொன்று முறையே ஏறத்தாழ 3.6, 6, 12 மெகாபைற் எடுக்கும். ஆகவே 1 ஜிகாபைற்றில் சாதாரண தரத்தில் 23 மணித்தியாலமும், உயர்தரத்தில் 14 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவும், மிக உயர்தரத்தில் 7 மணித்தியாலமும் அடங்கும். போனின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு 96க்கும் 320க்கும் வித்தியாசம் தெரியப் போவதில்லை.

ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்கே தரவிறக்கம் இலாபம். பாடசாலைக்குப் போகும் பேருந்தில் அதே 30 பாட்டையும் நாள்தோறும் கேட்கிறீர்கள் என்றால், இறக்கியபின் அவற்றுக்கு டேட்டா செலவாகாது. ஒருமுறை கேட்டு விட்டுவிடும் புதுப்பாட்டுகளை இறக்குவது வீண்.

'இறக்கக் கொடுத்தால் காத்திருக்கிறது என்றே காட்டுகிறது' என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு: வைஃபை இருந்தால் மட்டுமே இறக்கு என்பது செயலியின் இயல்பான அமைப்பு. அமைப்புகளுக்குள் சென்று, கைத்தொலைபேசி வலையமைப்பிலும் இறக்குவதற்கான பொத்தானைத் திறந்துவிடுங்கள். இரவு டேட்டாப் பொதி வைத்திருப்பவர்கள் படுக்குமுன் தொடக்கிவிடலாம்; ஆனால் பற்றரிச் சிக்கன நிலை போட்டிருந்தால் திரை அணைந்ததும் வேலை நின்றுவிடும்.

மெமரி காட்டில் இறக்கலாமா? – பூநகரி வாசகர்

அன்ட்ரொயிட் போனில் ஸ்பொட்டிஃபை அதற்கு இடம் தருகிறது. அமைப்புகளில் சேமிப்பிடத்தை மாற்றலாம். ஐபோனில் காட் போடும் துளையே இல்லை. காட்டைக் கழற்றி வேறு போனில் போட்டால் பாடாது.

போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்தபோது எதை அழிப்பது, எதை விடுவது? பாட்டுகள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. – புதுக்குடியிருப்பு வாசகி

பயப்படுவதில் தவறில்லை, நான் அப்படித்தான் இழந்தேன். கொழும்புக்குப் போகும் வழியில் முறிகண்டியில் பேருந்து நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஒரு கையில் கச்சான் சுருளோடு மறு கையால் போனைத் துப்புரவாக்கத் தொடங்கினேன். 'கேஷ்' அழிப்பதற்குப் பதிலாக அதன் பக்கத்திலிருந்த 'தரவை அழி' என்பதை அழுத்திவிட்டேன். கச்சான் கோதைத் துப்பி முடிக்குமுன் 600 பாட்டுகள் போயின. கொழும்புவரை நான் கேட்டது சாரதியின் தெரிவுகளைத்தான்.

கேஷ் என்பது ஓடும்போது செயலி சேர்க்கும் தற்காலிகக் கூளம். ஸ்பொட்டிஃபைக்குள்ளேயே இருக்கும் கேஷ் நீக்கும் பொத்தானை அழுத்தினால் இறக்கிய பாட்டுகளுக்கு ஒன்றும் நேராது. போனின் அமைப்புகளில் இருக்கும் 'தரவை அழி' அல்லது 'சேமிப்பை அழி' என்பதும், செயலியை நீக்கி மறுபடி நிறுவுவதும், சில செயலிகளில் கணக்கிலிருந்து வெளியேறுவதும் பாட்டுகளைத் துடைத்துவிடும். பட்டியல்கள் அழியா, அவை கணக்கோடு பத்திரமாக இருக்கும். ஆகவே இறக்கும்போதே பாட்டுகளைத் தனித்தனியாக இறக்காமல் ஒரு பட்டியலில் போட்டு இறக்குங்கள். மறுபடி இறக்க ஒரே தொடுகை போதும்.

ஸ்பொட்டிஃபையில் ஒரு கணக்கால் 5 கருவிகளில், கருவி ஒன்றுக்கு 10,000 பாட்டுகள்வரை இறக்கலாம். ஆறாவது போனில் இறக்கினால், நீண்டநாள் பாவிக்காத போனிலுள்ளவை சத்தமில்லாமல் நீங்கும். ஒரு கணக்கை உறவினர் எல்லாரும் பங்குபோடும் வீடுகளில் 'என் பாட்டை யார் அழித்தது' என்ற சண்டை இப்படித்தான் தொடங்குகிறது.

காசில்லாமல், களவில்லாமல் ஏதாவது இறக்க முடியுமா? – மன்னார் வாசகர்

முடியும். ஸ்பொட்டிஃபையில் பொட்காஸ்ட் நிகழ்ச்சிகளை இலவசக் கணக்கிலேயே இறக்கலாம். பாட்டுக்குத்தான் பிரீமியம் வேண்டும். ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் தளத்தில் ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன. வாய்மொழி வரலாறுகளில் ஆர்வமுள்ளவர்கள் அங்கே ஒரு மாலையைச் செலவிடலாம்.

என் கேள்வி செயலியைப் பற்றியது அல்ல, மன்னிக்கவும். 1990களில் அம்மா தாலாட்டும் காவடிப் பாட்டும் பாடி, மாமா பதிந்த கசற் ஒன்று இருக்கிறது. அம்மா இப்போது இல்லை. எந்தச் செயலியிலும் கிடைக்காத இந்தப் பாட்டைப் போனில் இறக்குவது எப்படி? கடையில் கொடுத்துப் போடுவித்துப் பார்த்தபோது குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல் கீச்சென்று கேட்டது. – ஒரு வாசகி, மல்லாவி

மன்னிப்பு எதற்கு அம்மா? வந்த கடிதங்களில் நான் இரண்டு தடவை வாசித்தது உங்களுடையதைத்தான்.

முதலில், அந்தக் கசற்றை மறுபடி எந்தக் கருவியிலும் போடுமுன் அதன் மேல் விளிம்பைப் பாருங்கள். இரு மூலையிலும் சிறு பிளாஸ்ரிக் நாக்குகள் இருக்கும். அவற்றை ஒரு பேனாமுனையால் உடைத்துவிடுங்கள். அதன்பின் யாராவது தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அது கீழே இறங்காது. அடுத்து, நாடாவுக்குப் பின்னால் செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சிறு பஞ்சு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் குரல் மங்கும், வேறொரு பழைய கசற்றிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். பென்சிலைத் துளையில் விட்டு, நாடாவை முழுவதும் ஒருமுறை மெதுவாகச் சுற்றித் தளர்த்துங்கள். கருவியின் தலையைப் பஞ்சில் தொட்ட சுத்தமான மதுசாரத்தால் துடைத்துவிட்டு, தேவையற்ற ஒரு கசற்றை முதலில் ஓடவிட்டு, அது நாடாவை மெல்லவில்லை என்று கண்டபின்பே அம்மாவின் கசற்றைப் போடுங்கள்.

கருவியின் காதுக்கருவித் துளையிலிருந்து ஒரு வயரைக் கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளைக்குக் கொடுத்து, ஒடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். போனைக் கருவிக்கு முன்னால் வைத்துப் பதிய வேண்டாம். கோழியும் மின்விசிறியும் சேர்ந்து பதிந்துவிடும். பக்கத்துக்கு 30 நிமிடமான 60 நிமிடக் கசற்றை 'வேவ்' கோப்பாகச் சேமித்தால் 600 மெகாபைற் அளவில் வரும். அதை அப்படியே மூலமாக இரண்டு வேறு இடங்களில் வைத்துவிட்டு, போனில் கேட்க எம்.பி.3 பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பூட்டு இல்லை, 30 நாள் தவணையும் இல்லை. ஓட்டோ செற்றிலும் பாடும்.

கீச்சென்ற குரலுக்கு வருவோம். 1990களில் வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட வீடுகள் பல. அப்படியோ, சாகப்போகும் பற்றரியிலோ பதிந்திருந்தால், பதியும்போது மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கும். மெதுவாகப் பதிந்ததை இன்றைய சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் விரைந்தும் உயர்ந்தும் கேட்கும். அம்மாவின் குரல் கெட்டுப்போகவில்லை, வேகம் மட்டுமே பிசகியிருக்கிறது. ஒடாசிற்றியில் வேகத்தை மாற்றும் கருவி உண்டு. சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் அதைத்தான் பாவிக்க வேண்டும், சுருதியை மட்டும் மாற்றுவதை அல்ல. நூற்றுக்கு 3, 5, 8 என்று படிப்படியாகக் குறைத்துக் கேளுங்கள். சுற்றிய கை சோர்ந்த இடங்களில் பாட்டு நடுவிலும் வேகம் மாறியிருக்கும் என்பதால், ஒரே அளவு முழுக் கசற்றுக்கும் பொருந்தாது. பாட்டுப் பாட்டாகப் பிரித்துச் செய்யுங்கள். இந்த வேலையைக் கடையில் கொடுக்க வேண்டாம். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது, அம்மா பாடிக் கேட்டவரான உங்களுக்கோ மாமாவுக்கோதான் தெரியும்.